வாட்ச்டாக் டிரைவர் மதிப்பாய்வு: காவல் இல்லாத நேரத்தைத் தேடுவது

கேள்வியின் சாரம் இது: ஓர் ஏ.ஆர்.எம். சிப்புக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமருக்கு (கணினி உறைந்துபோனால் அதை ரீசெட் செய்யும் காவல் எண்ணிக்கு) லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுதி, அந்தப் பேட்ச்சை (குறியீட்டு மாற்றத்தை) மதிப்பாய்வு செய்யும்படி உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். முழுக் கோப்பும் சில நூறு வரிகள்தான். தொடங்குவது, நிறுத்துவது, பிங் செய்வது, கெடுவை (டைம்அவுட்) மாற்றுவது என்று நான்கைந்து சிறிய ஃபங்ஷன்கள் இருக்கின்றன. நடை விதிகளைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லவில்லை, போர்டிலும் ஓடுகிறது. இதற்குமேல் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மற்ற டிரைவர்களில் பிழை இருந்தால் அன்றாடப் பயன்பாடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நெட்வொர்க் டிரைவர் பாக்கெட்டுகளைத் தொலைத்தால் அன்றைக்கே புகார் வந்துவிடும். வாட்ச்டாக் டிரைவரின் உண்மையான வேலையோ மற்ற எல்லாம் நின்றுபோன பிறகுதான் தொடங்குகிறது, அந்த நேரத்தில் அது கைவிட்டால் பார்ப்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். எனவே "போர்டில் ஓடுகிறது" என்பது இங்கே மிகப் பலவீனமான சான்று. மின்சாரம் வந்த கணத்திலிருந்து அது நிற்கும்வரை எந்த இடைவெளியில் காவல் இல்லாமல் போகிறது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எந்த நிலையில் அது தவறாகக் கடித்துவிடும் (ரீசெட் செய்துவிடும்) என்ற இரண்டையும் தேடுவதே மதிப்பாய்வாளரின் பணி. வரிவரியாகப் படிப்பதைவிட, காலக்கோடு ஒன்றை மனதில் போட்டுக்கொண்டு அதன்மேல் குறியீட்டை வைத்துப் பார்ப்பதுதான் இதற்கு ஏற்ற முறை.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கெர்னலுக்குள் "லாக்கப் டிடெக்டர்" என்று இன்னொரு வாட்ச்டாக் உண்டு. ஒரு சிபியு 20 நொடிகளுக்கு வேறு பணிக்கு இடம்கொடுக்காமல் சுற்றினால் எச்சரிக்கை அச்சிடுவது அதுதான். அது முழுக்க மென்பொருள், கெர்னல் உயிரோடு இருந்தால் மட்டுமே வேலை செய்யும். நாம் பேசுவது சிலிக்கானில் இருக்கும் எண்ணியைப் பற்றி. எண்ணி பூஜ்ஜியத்தைத் தொடும் முன் யாராவது அதை மறுபடி நிரப்பவேண்டும், அதுவே பிங். நிரப்பாவிட்டால் சிப் ரீசெட் ஆகும், அதை எந்த மென்பொருளும் தடுக்க முடியாது. தடுக்க முடியக்கூடாது என்பதுதான் அதன் பயனே.

சிப்பின் கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் இந்த மதிப்பாய்வைத் தொடங்காதீர்கள். தன் ரெஜிஸ்டர்களில் (சிப்பைக் கட்டுப்படுத்தும் நினைவிடங்களில்) தவறுதலாக எழுதப்படுவதிலிருந்து தப்பிக்க ஒவ்வொரு வாட்ச்டாக்கும் தனக்கென ஒரு பூட்டு முறை வைத்திருக்கிறது. ராஸ்பெரி பை-யின் பிராட்காம் சிப்பில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் மேல் 8 பிட்டுகளில் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 5ஏ என்ற கடவுச்சொல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த எழுத்து ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். டி.ஐ. நிறுவனத்தின் ஓமேப் சிப்புகளில் நிறுத்துவதற்கு ஹெக்ஸ் ஏஏஏஏ, பிறகு 5555 என்ற இரண்டு மதிப்புகளை அதே வரிசையில் எழுதவேண்டும். தொடங்குவதற்கு பிபிபிபி, பிறகு 4444. ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு முந்தையது வன்பொருளைச் சென்றடைந்துவிட்டதா என்று நிலை ரெஜிஸ்டரைப் பார்த்துக் காத்திருக்கவேண்டும். பிங் செய்யும்போது டிரிகர் ரெஜிஸ்டரில் முன்பு இருந்த மதிப்பையே திரும்ப எழுதினால் அது கணக்கில் வராது, மதிப்பு மாறியிருக்கவேண்டும். அதனால்தான் லினக்ஸில் உள்ள ஓமேப் டிரைவர் ஒவ்வொரு முறையும் பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுதுகிறது. இந்த விவரம் தெரியாமல் அந்த வரியைப் படிப்பவர் "இது எதற்கு, ஒரு மாறிலி போதாதா?" என்று கேட்டு, நல்ல குறியீட்டைக் கெடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

என்.எக்ஸ்.பி.-யின் ஐ.எம்.எக்ஸ். வரிசையில் வேறொரு குணம்: இயக்கும் பிட்டை ஒருமுறை 1 ஆக்கினால் அடுத்த ரீசெட் வரை அதை யாராலும் 0 ஆக்க முடியாது. அந்தச் சிப்புக்கு "நிறுத்து" என்ற ஃபங்ஷனை எழுதி அது வெற்றி என்று திருப்பினால் என்ன நடக்கும்? வாட்ச்டாக் நின்றுவிட்டது என்று லினக்ஸின் வாட்ச்டாக் ஃபிரேம்வொர்க் (எல்லா வாட்ச்டாக் டிரைவர்களுக்கும் பொதுவான கெர்னல் பகுதி) நம்பி, பிங் செய்வதை விட்டுவிடும். எண்ணி இறங்கிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் எந்தக் குற்றமும் செய்யாத கணினி ரீசெட் ஆகும். நிறுத்த முடியாத வன்பொருளுக்கு "நிறுத்து" ஃபங்ஷனையே கொடுக்கக்கூடாது. அதற்குப் பதிலாக வன்பொருளின் அதிகபட்ச இடைவெளியைச் சொல்லிவிட்டால், யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் பக்கத்து நிரல்) வாட்ச்டாக்குக்கான டிவைஸ் கோப்பை மூடிய பிறகு ஃபிரேம்வொர்க்கே பிங்கைத் தொடரும். இரண்டையும் கொடுக்காத டிரைவரைப் பதிவு செய்யவே ஃபிரேம்வொர்க் மறுத்துவிடும். பொய் சொல்லும் "நிறுத்து" ஃபங்ஷனை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது, அதைக் கண்டுபிடிக்கவேண்டியது நீங்கள்தான்.

இனி கெடுக் கணக்கு. மதிப்பாய்வில் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து, ஆகவே ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்க்கிறேன்.

ராஸ்பெரி பை-யின் வாட்ச்டாக் எண்ணி 20 பிட் அகலம் கொண்டது. ஒரு நொடிக்கு 65,536 துடிப்புகள், அதாவது கீழ் 16 பிட்டுகள் நொடியின் பின்னம், மேல் 4 பிட்டுகள் முழு நொடிகள். எனவே அதன் எல்லை 16 நொடிக்கு ஒரு துடிப்புக் குறைவு, மில்லி நொடியில் 15,999. டிரைவர் நொடிகளை 16 பிட் இடப்புறம் நகர்த்தி, 20 பிட் முகமூடியால் வெட்டி, ரெஜிஸ்டரில் எழுதுகிறது. பழைய முறையில் "மேக்ஸ் டைம்அவுட்" என்ற புலத்தில் 15 என்று போட்டுவிட்டால், அதற்கு மேலான கெடுவை யூசர்ஸ்பேஸ் கேட்கும்போது ஃபிரேம்வொர்க் பிழை சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பயனருக்கு 60 நொடி வேண்டும், வன்பொருளோ 15-ல் நின்றுவிடுகிறது. இந்தப் பிரச்சினைக்காகவே 2016-ல் ஃபிரேம்வொர்க்கில் வேறொரு புலம் வந்தது. வன்பொருளின் அதிகபட்ச இடைவெளியை மில்லி நொடியில் அதில் சொல்லிவிட்டால் பயனர் எவ்வளவு நீண்ட கெடு கேட்டாலும் ஃபிரேம்வொர்க் ஏற்றுக்கொள்ளும், இடையிடையே தானே பிங் செய்து எண்ணியை உயிரோடு வைத்திருக்கும், பயனர் கேட்ட கெடு கடந்ததும் கைவிட்டுவிடும்.

இப்போது ஒருவர் இந்தப் பழைய புலத்தை நீக்கிவிட்டு புதிய புலத்தைப் போடும் பேட்ச்சைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் ஒரே வரி. தொடங்கும் ஃபங்ஷனில் இருக்கும் நகர்த்தி வெட்டும் கணக்கை அவர் தொடவில்லை. பேட்ச்சில் அந்த ஃபங்ஷன் கண்ணில்கூடப் படாது, ஏனென்றால் அங்கே எதுவும் மாறவில்லை. ஆனால் அதுவரை 15-க்கு மேல் வராது என்ற காவல் அந்தக் கணக்குக்கு இருந்தது, இப்போது இல்லை. பயனர் 20 நொடி கேட்டால் என்ன ஆகும்? 20-ஐ 16 பிட் நகர்த்தி 20 பிட்டுக்கு வெட்டினால் மேல் பகுதி உதிர்ந்து 4 நொடி மட்டுமே மிஞ்சும். வன்பொருளில் ஓடுவது 4 நொடி, பயனர் நம்புவது 20 நொடி.

அடுத்ததாக, ஃபிரேம்வொர்க் எப்போது இடை பிங் செய்யும் என்று பாருங்கள். அது இரண்டு கணக்குகளைப் போட்டு எது முன்னால் வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, வன்பொருள் எல்லையில் பாதி, இங்கே 7.999 நொடி. மற்றொன்று, பயனரின் கெடு முடியும் கணத்திலிருந்து வன்பொருள் எல்லையைக் கழித்து வரும் கணம். கடைசிப் பிங்கை அந்தக் கணத்தில் செய்துவிட்டுக் கைவிட்டால்தான், எண்ணி சரியாகப் பயனரின் கெடுவில் பூஜ்ஜியத்தைத் தொடும். 20 நொடிக் கெடுவுக்கு அந்தக் கணம் 20-லிருந்து 15.999 போக 4.001 நொடி. எண்ணி பூஜ்ஜியத்தைத் தொடுவது 4.000 நொடியில். ஒரு மில்லி நொடி வித்தியாசத்தில் ஆரோக்கியமான கணினி ரீசெட் ஆகிவிடும். 16 நொடி கேட்டால் ரெஜிஸ்டரில் போய் உட்காருவது பூஜ்ஜியமே.

இதில் கவலை தருவது இதுவல்ல. பேட்ச்சை எழுதியவர் எதை வைத்துச் சோதித்திருப்பார்? பெரும்பாலும் 60 நொடி, எல்லோருக்கும் கைவரும் எண் அது. 60-ஐ அதே முறையில் வெட்டினால் 12 நொடி மிஞ்சும். ஃபிரேம்வொர்க் 7.999 நொடிக்கு ஒருமுறை பிங் செய்கிறது, 12-ஐவிட அது குறைவு, எனவே கணினி தாராளமாக ஓடும். பிங்கை நிறுத்தினாலும் ரீசெட் வரும், ஆனால் 60-ல் வராமல் ஏறத்தாழ 56-ல் வந்துவிடும். கடைசி இடை பிங் 44-ஆவது நொடியில் போகிறது, அதன்மேல் 12 சேர்ந்தால் 56. கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஒரு நிமிடத்தில் ரீசெட் ஆனது, சரியாக இருக்கிறது" என்று எழுதியிருப்பார். 30 நொடியிலும் தப்பித்துவிடும், அங்கே மிஞ்சுவது 14. அதே குறியீடு 20-ல் விழும், 64-ல் மறுபடி பூஜ்ஜியம். இந்தப் பிழையைச் சோதனையில் பிடிப்பது குதிரைக் கொம்பு, காகிதத்தில் கணக்குப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். தீர்வும் எளிது: பயனரின் கெடு, வன்பொருள் எல்லை இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டு அதை மட்டுமே ரெஜிஸ்டருக்குள் எழுதவேண்டும், பயனர் கேட்ட எண்ணை ஃபிரேம்வொர்க்கின் புலத்தில் அப்படியே விட்டுவிடவேண்டும்.

எனவே எல்லாப் பேட்ச்சுகளிலும் இதைச் செய்யுங்கள்: நொடி துடிப்பாக மாறும் சூத்திரத்தைத் தனியாக எடுத்தெழுதுங்கள். குறைந்தபட்சக் கெடு, அதிகபட்சம், அதிகபட்சத்துக்கு ஒன்று கூடுதல், ரெஜிஸ்டர் அகலத்தின் மடங்குகள் என்று எண்களைப் போட்டுப் பாருங்கள். கிளாக் வேகம் கணக்கில் வருகிறதென்றால், பெருக்கலில் 32 பிட் வழிகிறதா என்று பாருங்கள். கிளாக் வேகம் பூஜ்ஜியமாகத் திரும்பினால் அடுத்த வரியில் வகுத்தல் நடக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி நொடிப் படிகளில் மட்டுமே எண்ணும் வன்பொருளும் உண்டு. ஐ.எம்.எக்ஸ்.-இல் 8 பிட் புலம், 0 என்றால் அரை நொடி, 255 என்றால் 128 நொடி, அதனால் சூத்திரத்தில் இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிக்கவேண்டும். அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் 128 நொடிக் கெடு 256 ஆகி, 8 பிட்டில் அடங்காமல் அரை நொடியாகச் சுருங்கும். கேட்ட கெடுவை வன்பொருளால் துல்லியமாகத் தர முடியாதபோது டிரைவர் பிழை சொல்லித் திருப்பக்கூடாது. அருகிலுள்ள மதிப்பை வைத்து, உண்மையில் வைத்தது எவ்வளவு என்பதை ஃபிரேம்வொர்க்கின் புலத்தில் எழுதவேண்டும். பயனர் பக்கத்து நிரல் அதைத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

இரண்டு கட்ட வாட்ச்டாக்குகள் இன்னொரு வகை. ஏ.ஆர்.எம். நிறுவனத்தின் எஸ்.பி.805 இப்படிப்பட்டது: எண்ணி முதல்முறை பூஜ்ஜியத்தைத் தொட்டால் இன்டரப்ட் (சிபியுவின் கவனத்தைக் கோரும் சைகை) மட்டும் எழும், எண்ணி மறுபடி நிரம்பி இறங்கும், இன்டரப்டை யாரும் துடைக்காமல் இரண்டாம் முறையும் பூஜ்ஜியத்தைத் தொட்டால் ரீசெட். எனவே பயனரின் கெடுவில் பாதியைத்தான் எண்ணியில் ஏற்றவேண்டும். லினக்ஸின் எஸ்.பி.805 டிரைவரில் கிளாக் வேகத்தை இரண்டால் வகுக்கும் வரி இருப்பதன் காரணம் அதுவே. பாதியாக்க மறந்தால் கெடு இரட்டிப்பாகும். எவருக்கும் உடனடியாகத் தெரியாது, தேவைப்படும் நாளில் கணினி இருமடங்கு நேரம் செத்துக் கிடக்கும்.

அந்த முதல் கட்ட இன்டரப்டில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பலர் அதற்கு ஒரு ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதி, "முன்னெச்சரிக்கை வந்தது" என்று அச்சிட்டுவிட்டு, இன்டரப்ட் கோட்டைக் கீழே இறக்குவதற்காக அதைத் துடைத்துவிடுகிறார்கள். வழக்கமான டிரைவரில் துடைப்பது நல்ல பழக்கம். இங்கே துடைப்பதே பிங்குக்குச் சமம். யூசர்ஸ்பேஸ் முழுவதும் இறந்து, வட்டு எழுதாமல், நெட்வொர்க் பேசாமல் கிடந்தாலும் இன்டரப்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹேண்ட்லர் ஒவ்வொரு முறையும் துடைத்து, செத்த கணினியை முடிவில்லாமல் உயிரோடு இருப்பதாகக் காட்டும். இப்படிப்பட்ட ஹேண்ட்லரைக் கண்டால் நான் மற்ற எதையும் பேசாமல் அந்த ஒன்றுக்காகவே பேட்ச்சை நிறுத்திவைப்பேன். எச்சரிக்கைக் கட்டம் வேண்டும் என்றால், அதை ஃபிரேம்வொர்க்கின் ப்ரீ-டைம்அவுட் (கெடுவுக்கு முந்தைய எச்சரிக்கை) வசதிக்குத் தெரிவித்துவிட்டு, ரீசெட் கட்டம் எந்த வகையிலும் தள்ளிப்போகாதபடி எழுதவேண்டும். துடைக்காமல் இன்டரப்டை அடக்க வழியில்லாத வன்பொருளில், அந்தக் கோட்டை முடக்கிவிடுவதே மேல்.

அடுத்து, காலக்கோட்டின் தொடக்கம். பல போர்டுகளில் பூட்லோடரே (கெர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) வாட்ச்டாக்கைத் தொடங்கிவிட்டுத்தான் கெர்னலுக்குக் கைமாற்றுகிறது. டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷன் (சாதனத்தைக் கண்டதும் கெர்னல் அழைப்பது) இதைக் கவனிக்கிறதா என்று பாருங்கள். கவனிக்காத டிரைவர்களில் இரண்டு விதம் பார்க்கலாம். சில, பாதுகாப்புக்கு என்று சொல்லி ப்ரோப்பில் வாட்ச்டாக்கை நிறுத்திவிடுகின்றன. அந்தக் கணம் முதல் யூசர்ஸ்பேஸ் டிவைஸ் கோப்பைத் திறக்கும்வரை காவல் கிடையாது, கோப்பு முறைமையை ஏற்றுவதில் கணினி தொங்கினால் அப்படியே தொங்கும். மற்றவை எதுவும் செய்யாமல் விட்டுவிடுகின்றன. பூட்லோடர் வைத்த கெடு முடிந்ததும், மெதுவாக பூட் ஆகும் கணினி நடுவழியில் ரீசெட் ஆகும், திரும்பவும் அதே கதை. சரியான வழி, வன்பொருளின் இயக்க பிட்டைப் படித்து, ஓடிக்கொண்டிருந்தால் "வன்பொருள் ஓடுகிறது" என்ற நிலைக் குறியை வைத்துவிட்டுப் பதிவு செய்வதுதான். பிராட்காம் டிரைவர் அதைத்தான் செய்கிறது. கெடுவை மறுபடி எழுதும் வேலையைக்கூட அது செய்வதில்லை, ஃபிரேம்வொர்க் உடனே பிங் செய்யும்போது புதிய கெடு தானாக ஏறிவிடும். அந்த டிரைவருக்குத் தனியாக பிங் ஃபங்ஷன் இல்லை, பிங் இல்லாதபோது ஃபிரேம்வொர்க் தொடங்கும் ஃபங்ஷனையே அழைக்கிறது.

ஆனால் இந்தக் குறியை வைத்துவிட்டால் ஃபிரேம்வொர்க் யூசர்ஸ்பேஸ் வரும்வரை தானே பிங் செய்துகொண்டிருக்கும். வராமலே போனாலும்! இது டிரைவர் எழுதியவரின் தவறன்று, ஆனாலும் மதிப்பாய்வில் எழுப்பவேண்டிய கேள்வி. முதல் திறப்புக்கு ஒரு கெடு வைக்கும் கெர்னல் அளவுரு உண்டு. யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் நிறுவப்படும் கருவி என்றால் அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்புக் குழுவிடம் கேளுங்கள்.

டிவைஸ் கோப்பை மூடும்போது நடப்பது இதைவிட நுட்பமானது. டிரைவரின் தகவல் அமைப்பில் வசதிகளைக் குறிக்கும் கொடிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று "மேஜிக் குளோஸ்". அந்தக் கொடி இருந்தால், கோப்பை மூடும் முன் பெரிய எழுத்து "வி"-யை எழுதிய நிரலுக்கு மட்டுமே வாட்ச்டாக்கை நிறுத்த அனுமதி. எழுதாமல் மூடினால் எண்ணி தொடர்ந்து இறங்கும். கொடி இல்லாவிட்டால் யார் எப்படி மூடினாலும் ஃபிரேம்வொர்க் நிறுத்திவிடும். காவல் நிரல் (யூசர்ஸ்பேஸில் இருந்து பிங் செய்யும் நிரல்) நினைவகப் பிழையில் செத்துவிழுந்தால், அதன் திறந்த கோப்புகள் அனைத்தையும் கெர்னலே மூடும். கொடியை மறந்த டிரைவரில் அந்த மூடலே வாட்ச்டாக்கை நிறுத்தச் சொல்லும் கட்டளையாகிவிடும். எந்தப் பேரிடரைக் கண்டு ரீசெட் செய்யவேண்டுமோ, அதே பேரிடர் காவலை அணைத்துவிடுகிறது. பேட்ச்சில் அந்தக் கொடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும், ஆனால் இல்லாத ஒன்றைக் கவனிப்பது இருப்பதைக் கவனிப்பதைவிடக் கடினம் என்பதால் இதைத் தேடிப் பார்க்கவேண்டும். நிறுத்தவே முடியாதபடி கெர்னல் அமைப்பில் பூட்டும் வசதியை டிரைவர் மதிக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

மறுதொடக்கப் பாதையில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் கலந்திருக்கும். முதலாவது, கணினி ஒழுங்காக அணையும்போது வாட்ச்டாக்கை நிறுத்தும்படி டிரைவர் பதிவு செய்துகொள்வது. பலர் யோசிக்காமல் அந்த அழைப்பை வேறு டிரைவரிலிருந்து நகலெடுத்துவிடுகிறார்கள். அணையும் வழியிலும் கணினி தொங்கலாம், உண்மையில் டிரைவர்கள் ஒவ்வொன்றாக மூடும் அந்த நேரம் தொங்குவதற்கு மிகவும் வாய்ப்புள்ள நேரம். காவலைக் கழற்ற ஒரு காரணம் வேண்டும். அடுத்த கட்டத்தில் வரும் பூட்லோடரால் ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்டாக்கைச் சமாளிக்க முடியாது என்பது ஏற்கத்தக்க காரணம். அது இல்லை என்றால், அந்த வரி எதற்கு என்று கேளுங்கள்.

இரண்டாவது, வாட்ச்டாக்கையே மறுதொடக்கக் கருவியாகப் பயன்படுத்துவது. ராஸ்பெரி பை-யில் எண்ணியில் 10 துடிப்புகளை மட்டும் ஏற்றி, ஏறத்தாழ 150 மைக்ரோ நொடியில் ரீசெட்டை வரவழைக்கிறார்கள், பிறகு 1 மில்லி நொடி காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் ஃபங்ஷன் முன்கூட்டியே திரும்பி, கெர்னல் அடுத்த வழியைத் தேட ஆரம்பித்துவிடும். இந்தப் பாதை அழைக்கப்படும் சூழல் மிகக் கறாரானது: மற்ற சிபியுக்கள் நிறுத்தப்பட்டிருக்கலாம், இன்டரப்டுகள் அணைக்கப்பட்டிருக்கலாம். உறங்கக்கூடிய எந்த அழைப்பும், மியூட்டெக்ஸும் (உறங்கிக் காத்திருக்கும் பூட்டு) இங்கே கூடாது. வாட்ச்டாக் ஐ2சி என்ற பஸ் வழியே ஒரு மின்மேலாண்மைச் சிப்பில் இருந்தால், அந்தப் பஸ் அணுநிலைச் சூழலில் (உறங்க அனுமதியில்லாத நிலையில்) வேலை செய்யுமா என்று தனியாகச் சரிபார்க்கவேண்டும். ஸ்பின்லாக்கிலும் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) ஆபத்து இருக்கிறது. வேறொரு சிபியு அந்த லாக்கைப் பிடித்திருக்கும்போது பேனிக் (கெர்னல் மீள முடியாமல் விழுவது) வந்து, அந்தச் சிபியு அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தால், மறுதொடக்கப் பாதை அதே லாக்குக்காக என்றென்றும் சுற்றும். அதனால் இந்தப் பாதையில் லாக் எடுக்காமல் நேரடியாக எழுதுவதே நல்லது, பிராட்காம் டிரைவரும் அப்படித்தான் செய்கிறது.

ரெஜிஸ்டர் எழுத்துகள் எந்த வரிசையில் வன்பொருளைச் சேர்கின்றன என்பதும் முக்கியம். "ரிலாக்ஸ்டு" வகை எழுத்துகள் பயன்படுத்தப்பட்டிருந்தால், அதே சாதனத்துக்கான எழுத்துகள் வரிசையாகவே போகும், ஆனால் எழுத்து உடனே சென்றடைந்துவிட்டது என்ற உத்தரவாதம் கிடையாது. எஸ்.பி.805 டிரைவரில் பூட்டு ரெஜிஸ்டரைத் திரும்ப ஒருமுறை படிக்கும் வரி வீண் வரியல்ல, வழியில் தேங்கிய எழுத்துகளைத் தள்ளிவிடுவதற்கானது. அந்தப் படிப்பின் மதிப்பு பயன்படுத்தப்படவில்லை என்று யாராவது நீக்கப் பார்த்தால் தடுங்கள்.

உறக்க நிலைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கணினி சஸ்பெண்டில் இருக்கும்போது எண்ணி ஓடுமா, நிற்குமா என்பது கையேட்டில் இருக்கும். ஓடும் என்றால் டிரைவர் நிறுத்திவிட்டுப் போகவேண்டும், விழிக்கும்போது, முன்பு இயங்கிக்கொண்டிருந்தால் மட்டும் மறுபடி தொடங்கவேண்டும். "இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனை விடுபட்டிருந்தால், யாரும் திறக்காத வாட்ச்டாக் விழித்ததும் எண்ணத் தொடங்கி, பிங் செய்ய ஆளில்லாமல் கடிக்கும். டிவைஸ் ட்ரீ விவரங்கள், மேனேஜ்டு கிளாக் அழைப்புகள், பிழைப் பாதையில் வளங்களை விடுவிப்பது ஆகியவை மற்ற டிரைவர்களைப் போலத்தான். ஒன்றை மட்டும் பாருங்கள்: கிளாக் இயக்கப்பட்ட பிறகுதான் வாட்ச்டாக் பதிவு செய்யப்படவேண்டும், ஏனென்றால் பதிவு செய்த அடுத்த நொடியே யாராவது திறந்துவிட முடியும்.

ரீசெட்டுக்கான காரணத்தைச் சொல்லும் நிலை ரெஜிஸ்டரையும் விட்டுவிடாதீர்கள். வாட்ச்டாக் கடித்துத்தான் இந்தத் தொடக்கம் நடந்தது என்று யூசர்ஸ்பேஸுக்குத் தெரிவிக்க ஒரு பிட் உண்டு. களத்தில் இருக்கும் கருவி ஏன் அடிக்கடி மறுதொடக்கம் ஆகிறது என்று தேடுபவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம் பெரும்பாலும் அதுதான். அந்த ரெஜிஸ்டரைத் துடைக்காமல் விட்டால், நேற்றைய ரீசெட்டின் தடயம் இன்றைய ஒழுங்கான மறுதொடக்கத்திலும் தொடர்ந்து காட்டும். பூட்லோடர் முன்பே துடைத்துவிட்டால் எதுவுமே தெரியாது. யார் படிப்பது, யார் துடைப்பது என்பதை பேட்ச்சின் விளக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, என்ன சோதனை கேட்பது. காவல் நிரலை ஒருமுறை கொல்லும் சிக்னல் அனுப்பிக் கொல்லச் சொல்லுங்கள், ஒருமுறை உறையவைக்கும் சிக்னல் அனுப்பி நிறுத்தச் சொல்லுங்கள். முதலாவதில் கோப்பு மூடப்படும், இரண்டாவதில் மூடப்படாது, இரண்டிலும் ரீசெட் வரவேண்டும். சிஸ்ரிக் (கெர்னலுக்கு நேரடிக் கட்டளையிடும் வசதி) வழியே கெர்னலை வேண்டுமென்றே பேனிக் செய்து பார்க்கும்போது, பேனிக் ஆனதும் தானாக மறுதொடங்கும் அளவுருவைப் பூஜ்ஜியமாக வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கணினியை மீட்டது எது என்று தெரியாது. சீரியல் கன்சோலில் கடைசி பிங்குக்கும் பூட்லோடரின் முதல் வரிக்கும் இடையிலான நேரத்தை அளந்து, வைத்த கெடுவோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். 1 நொடி, வன்பொருளின் எல்லை, எல்லைக்கு ஒரு நொடி மேல், எல்லையைவிடச் சற்று நீண்ட 20 போன்ற ஓர் எண், பிறகு அவருக்குப் பிடித்த 60 ஆகிய ஐந்துக்கும் அளவெடுக்கச் சொல்லுங்கள். 60-க்கு நேராக 56 என்று வந்தால், எந்த வரியைத் திறந்து பார்ப்பது என்று உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.